முகலாயர் காலத்தைத் திரையில் எழுப்பிய கே. ஆஸிப்

நேற்றைய நாள் இன்றைய நாளைவிட இனியது என்று எண்ணுவது மனித இயல்பு. பாட்டனார் காலத்து மழையும் விளைச்சலும் இப்போது இல்லை என்று பெருமூச்சு விடாத ஊர் இல்லை. நீதி தவறாத அரசன் ஒருவன் முன்னொரு காலத்தில் இருந்தான் என்னும் கதை வழங்காத நாடும் இல்லை. இந்த ஏக்கத்தைப் புலவர்கள் காவியமாக்கினர். நாடகக் குழுவினர் மேடையேற்றினர். இருபதாம் நூற்றாண்டில் அப்பணியைத் திரைப்படம் ஏற்றுக்கொண்டது. எழுத்தறியா மக்களும் இருண்ட அரங்கில் அமர்ந்து, மூன்று மணி நேரம் பழைய பேரரசுகளில் வாழ்ந்து திரும்பினர்.

கடந்த காலத்தின் மீது கொள்ளும் இவ்வேக்கத்திற்கும் ஆட்சி அதிகாரத்திற்கும் நெருங்கிய உறவு உண்டு. ஆள்வோர், பழைய மன்னர்களின் திருமுகத்தில் தம் முகத்தைக் காண விரும்புவர். ஆளப்படுவோர், பழைய மன்னனின் நீதியை எடுத்துக்காட்டி இன்றைய ஆட்சியிடம் கணக்குக் கேட்பர். ஒரே கலைப்படைப்பு இவ்விரு சாராருக்கும் இடம் தருவதுண்டு. நம் நாட்டுத் திரைப்பட வரலாற்றில் இதற்குத் தக்க சான்றாக விளங்குவது 1960ஆம் ஆண்டு வெளிவந்த முகலே ஆஸம் என்னும் உருதுத் திரைக்காவியம். அதனைப் படைத்த கே. ஆஸிப் அவர்களின் வாழ்க்கையை ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

எட்டாவாவிலிருந்து பம்பாய்க்கு

ஆக்ராவுக்கும் கான்பூருக்கும் இடையே, யமுனை நதியின் கரையில் அமைந்த பழம்பதி எட்டாவா. அவ்வூரில் 1922ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் ஆஸிப் பிறந்தார். முகலாயர் கட்டிய கோட்டைகளும் மசூதிகளும் நிறைந்த நிலப்பகுதி அது. உயர்கல்வி பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பிழைப்பை நாடி இளமையிலேயே பம்பாய் சேர்ந்தார். அந்நாளில் புகழ் பெற்றிருந்த நடிகரும் இயக்குநருமான நஸீர் அவருக்குத் தாய்மாமன் முறையினர். தொடக்கத்தில் ஆஸிப் தையல் தொழில் செய்தார் என்பது அவர் வாழ்க்கையைக் கூறுவோர் அனைவரும் குறிப்பிடும் செய்தி. ஊசியும் நூலும் பிடித்த அக்கைகளே பின்னாளில் ஒரு பேரரசின் ஆடைகள் அனைத்தையும் தைக்கச் செய்தன.

1945ஆம் ஆண்டு, தம் 23ஆம் வயதில், பூல் என்னும் படத்தை இயக்கினார். பிருதிவிராஜ் கபூர், சுரையா, துர்கா கோட்டே முதலியோர் நடித்த அப்படம் நல்ல வெற்றி பெற்றது. ஓர் இளைஞர் அவ்வெற்றியை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒரு படம் எடுத்துச் செல்வம் சேர்த்திருக்கலாம். ஆஸிப் வேறு வழியில் சென்றார். லாகூரைச் சேர்ந்த இம்தியாஸ் அலி தாஜ் 1922இல் எழுதிய அனார்கலி என்னும் உருது நாடகம் அவர் உள்ளத்தைக் கவர்ந்திருந்தது. பேரரசர் அக்பரின் மகன் இளவரசர் சலீம், அரண்மனை நாட்டியப் பெண் ஒருத்தியிடம் காதல் கொண்டதையும், பேரரசர் அதனை எதிர்த்ததையும் கூறும் கதை அது. ஆஸிப் பிறந்த ஆண்டும் அந்நாடகம் எழுதப்பெற்ற ஆண்டும் ஒன்றாக அமைந்தன.

நாடு பிரிந்தது, படமும் நின்றது

1946ஆம் ஆண்டு படப்பிடிப்புத் தொடங்கியது. அதே ஆண்டில்தான், அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் பண்டித நேரு எழுதிய இந்திய வரலாற்று நூல் வெளிவந்தது. பல சமயத்தாரையும் இணைத்து ஒரு நாட்டை உருவாக்க முயன்ற மன்னராக அக்பரை அந்நூல் போற்றிற்று. விடுதலை வாயிலில் நின்ற நாடு, தன் முன்னோராக யாரை ஏற்பது என்று தேடிக்கொண்டிருந்த காலம் அது. அசோகரும் அக்பரும் அத்தேடலில் முன்னின்றனர்.

அடுத்த ஆண்டு நாடு இரண்டாயிற்று. குருதியாறு ஓடிற்று. ஆஸிப்பின் படத்திற்குப் பொருளுதவி செய்த ஷிராஸ் அலி ஹக்கீம் பாகிஸ்தான் சென்றுவிட்டார். அக்பராக நடித்துக்கொண்டிருந்த சந்திரமோகன் 1949இல் காலமானார். எடுத்த பகுதிகள் பயனற்றுப் போயின. அனார்கலி மறைந்ததாகக் கதை கூறும் லாகூர், இப்போது அயல்நாடு ஆகிவிட்டது. இந்தியாவில் தங்கிய முஸ்லிம்கள், தாம் எந்நாட்டினர் என்னும் வினாவைச் சொல்லாலும் பார்வையாலும் எதிர்கொண்ட நாள்கள் அவை.

இந்நிலையில் 25 வயது இளைஞர் ஒருவர் முகலாயப் பேரரசரைப் பற்றிய படத்தைக் கைவிட்டிருந்தால் எவரும் வியந்திருக்க மாட்டார். ஆஸிப் கைவிடவில்லை. பார்சி இனத்தவரும் பெரும் கட்டடத் தொழில் அதிபருமான ஷாபூர்ஜி பல்லோன்ஜி, அக்பரின் வரலாற்றில் கொண்ட ஈடுபாட்டினால் பொருளுதவி செய்ய முன்வந்தார். 1950களின் தொடக்கத்தில் பணி மீண்டும் தொடங்கியது. அக்பராகப் பிருதிவிராஜ் கபூர், சலீமாகத் திலீப் குமார், அனார்கலியாக மதுபாலா, அரசி ஜோதாவாகத் துர்கா கோட்டே என நடிகர் குழு அமைந்தது. பிருதிவிராஜ் அப்போது மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகவும் விளங்கினார். புதிய குடியரசின் அவையில் அமர்ந்தவரே திரையில் பழைய பேரரசின் அரியணையிலும் அமர்ந்தார்.

இதற்கிடையில் 1953இல் வேறொரு நிறுவனம் அனார்கலி என்னும் பெயரிலேயே இந்திப் படம் ஒன்றை வெளியிட்டுப் பெரும் வெற்றி கண்டது. 1955இல் தெலுங்கிலும் அனார்கலி வந்தது. அது தமிழ் பேசியும் வலம் வந்தது. நம் சிவாஜி கணேசன் அவர்களும் 1954இல் வெளியான இல்லற ஜோதியில், கதைக்குள் வரும் நாடகத்தில் சலீமாகத் தோன்றினார். கதை ஊரறிந்ததாகிவிட்டது. ஆஸிப் அதனைப் பொருட்படுத்தவில்லை. பிறர் காதலர் இருவரின் கதையை எடுத்தனர். அவர் ஓர் அரசின் கதையை எடுக்க எண்ணினார். அதனால்தான் படத்திற்கு அனார்கலியின் பெயரைச் சூட்டாது, மாபெரும் முகலாயர் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

பதினான்கு ஆண்டு உழைப்பு

அவ்வுழைப்பின் அளவைச் சொல்லி முடியாது. டெல்லித் தையற்காரர்கள் ஆடை தைத்தனர். ஐதராபாத் பொற்கொல்லர்கள் அணிகலன் செய்தனர். கோலாப்பூர்க் கைவினைஞர்கள் மணிமுடி சமைத்தனர். இராஜஸ்தான் கொல்லர்கள் வாளும் கேடயமும் வடித்தனர். ஆக்ராச் சக்கிலியர் காலணி தைத்தனர். முகலாயர் ஆட்சி மறைந்து நூற்றாண்டு ஆன பின்னும் அவர்கள் வளர்த்த தொழில்கள் இந்நாட்டின் கைகளில் மறையாது இருந்தன என்பதற்கு இப்படமே சான்றாயிற்று.

கண்ணாடி மாளிகை அரங்கம் ஒன்றை அமைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளும் 15 லட்சம் ரூபாயும் செலவாயின. பெல்ஜியத்திலிருந்து வரவழைத்த கண்ணாடிச் சில்லுகள் விளக்கொளியை எதிரொளித்துக் கண்ணைப் பறித்தன. அங்கே படம் எடுத்தல் இயலாது என்று அயல்நாட்டு வல்லுநர்கள் கைவிரித்தனர். ஒளிப்பதிவாளர் ஆர். டி. மாத்தூர் திரைத்துணிகளில் ஒளியை வாங்கிப் பரப்பி அதனை இயல்வதாக்கினார். அந்நடனப் பாடலும் படத்தின் இறுதிப் பகுதியும் வண்ணத்திலும், ஏனைய பகுதிகள் கறுப்பு வெள்ளையிலும் அமைந்தன.

தான்சேனுக்குக் குரல் கொடுக்க இசைமேதை உஸ்தாத் படே குலாம் அலி கான் அவர்களை ஆஸிப்பும் இசையமைப்பாளர் நௌஷாத்தும் அணுகினர். திரைப்படத்திற்குப் பாட விரும்பாத உஸ்தாத், அவர்களை அனுப்பிவிடும் நோக்கத்துடன் ஒரு பாடலுக்கு 25,000 ரூபாய் கேட்டார். முன்னணிப் பாடகர்களே சில நூறு ரூபாய் பெற்ற காலம் அது. ஆஸிப் தயக்கமின்றி இசைந்தார். அவ்வுஸ்தாதின் வாழ்வும் இங்கு நினைக்கத்தக்கது. பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானில் இருந்த அவர் இந்தியாவுக்கு மீண்டு, 1957இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். எல்லைக்கோட்டைக் கடந்து வந்த அக்குரல்தான் அக்பரின் அவையில் ஒலித்தது.

போர்க்களக் காட்சிகளுக்கு இந்தியப் படையின் வீரர்களையும் குதிரைகளையும் பயன்படுத்தப் பாதுகாப்பு அமைச்சகம் இசைவளித்தது. கிருஷ்ண மேனன் அப்போது அமைச்சர். மக்களாட்சியின் படைவீரர்கள் முகலாயக் கவசம் அணிந்து திரையில் போரிட்டனர். அதிகாரமும் கடந்த கால ஏக்கமும் கைகோத்து நின்ற காட்சியாக நாம் இதனைக் கொள்ளலாம்.

மதுபாலா அவர்களுக்கு இதயநோய் இருந்தது. சிறைக் காட்சிகளில் உண்மையான இரும்புச் சங்கிலிகளைச் சுமந்தே அவர் நடித்தார். மொத்தச் செலவு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை ஆனதாக மதிப்பிடுவர். இத்துணைச் செலவு செய்த ஆஸிப் தமக்கென எளிய வாழ்வையே மேற்கொண்டார் என்று உடன் பணியாற்றியோர் நினைவுகூர்ந்துள்ளனர். படம் தொடங்கியபோது அவருக்கு வயது 24; வெளிவந்தபோது 38. இளமை முழுவதையும் ஒரே படைப்புக்கு ஈந்தார் எனின் மிகையாகாது.

அரியணையும் தராசும்

1960ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், பம்பாய் மராத்தா மந்திர் திரையரங்கில் முகலே ஆஸம் வெளியிடப்பெற்றது. நாடெங்கும் 150 திரையரங்குகளில் ஒரே வேளையில் திரையிடப்பட்டது. 1975இல் ஷோலே வரும்வரை வசூலில் அதனை மிஞ்சிய இந்தியப் படம் இல்லை. இந்தியில் சிறந்த படத்திற்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் அதற்குக் கிட்டியது.

படத்தின் அமைப்பை நோக்குவோம். தொடக்கத்தில் இந்துஸ்தானத்தின் வரைபடம் தோன்றுகிறது. அந்நிலமே வாய் திறந்து, தன்னை நேசித்தோருள் ஒருவராக அக்பரை அறிமுகம் செய்கிறது. அடுத்து, மகப்பேறு வேண்டி, பேரரசர் வெறுங்காலுடன் சுடுமணலில் நடந்து ஞானி ஷைகு சலீம் சிஷ்தி அவர்களை நாடிச் செல்கிறார். பின்னர், கண்ணன் பிறந்தநாள் விழாவில் அரசி ஜோதாவுடன் அமர்ந்து தொட்டில் கயிற்றை இழுக்கிறார். பிரிவினைக்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்த நிலையில், யார் இந்நாட்டுக்குரியவர் என்னும் வினாவுக்கு ஆஸிப் தந்த விடை இக்காட்சிகளில் அடங்கியுள்ளது. அவர் வழக்குரைக்கவில்லை, நிலத்தையே சாட்சி சொல்ல வைத்தார்.

இவ்வளவில் நின்றிருந்தால் அப்படம் ஆட்சியாளருக்குப் பாடிய வாழ்த்தாக முடிந்திருக்கும். ஆனால் அரண்மனையில் ஆஸிப் ஒரு பெரிய தராசை நிறுத்தினார். அத்தராசின் முன் பேரரசரும் நிற்க வேண்டியிருந்தது. நாட்டின் நலம் என்று கூறி, ஓர் ஏழைப் பெண்ணின் உயிரை அரசு எடுக்கலாமா என்பதே படத்தின் வழக்கு. அரியணைக்கு அஞ்சாத சிற்பி ஒருவனையும் அவர் படைத்தார். பேரரசரின் ஒரு சொல்லால் களத்தில் மாளும் மனிதரையும் யானைக்காலில் மிதிபடுவோரையும் அவன் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறான். அரசவை ஓவியர்கள் காட்டாத காட்சிகள் அவை. கண்ணாடி மாளிகையில் அனார்கலி அஞ்சாது ஆடும்போது, அவள் உருவம் கூரையின் ஒவ்வொரு சில்லிலும் தோன்றுகிறது. பேரரசர் எங்கு நோக்கினும் அவளைக் காணாதிருக்க முடியவில்லை. அரங்கில் இருந்தோர் அக்பரை மதித்தனர். ஆயினும் அவர்கள் நெஞ்சம் அப்பெண்ணின் பக்கமே நின்றது.

அவளை உயிரோடு சுவர்வைத்துப் புதைத்தனர் என்பது பழங்கதை. ஆஸிப் முடிவை மாற்றினார். பேரரசர் முன்பு அளித்த வாக்கை மதித்து, அவளைச் சுரங்க வழியே தப்பவிடுகிறார். தண்டனை ஊரறிய நிகழ்கிறது; கருணை நிலத்தடியில், இருளில், யாரும் அறியாது நிகழ்கிறது. அக்பரைக் கொடுங்கோலராக விட்டுவிட ஆஸிப்பின் மனம் ஒப்பவில்லை போலும். எனினும் அதிகாரம் தன் கடுமையைப் பறைசாற்றித் தன் இரக்கத்தை மறைக்கும் இயல்புடையது என்னும் உண்மை அம்முடிவில் வெளிப்பட்டுவிடுகிறது.

வரலாறும் ஏக்கமும்

இங்கு மாணவர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். அபுல் பஸல் எழுதிய அக்பர்நாமாவில் அனார்கலி இல்லை. ஜஹாங்கீர் என்னும் பெயருடன் அரியணை ஏறிய சலீம், தாமே எழுதிய வரலாற்றிலும் அவளைக் குறிப்பிடவில்லை. 1611இல் லாகூர் சென்ற ஆங்கில வணிகர் வில்லியம் பிஞ்ச் கேட்டு எழுதிய செவிவழிச் செய்தியே பிற்காலக் கதைகளுக்கு வித்து.

சலீம் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்தது உண்மை. 1600ஆம் ஆண்டளவில் அலகாபாத்தில் தனி அவை அமைத்தார். 1602இல் அபுல் பஸல் கொல்லப்பட்டதும் அவருடைய ஏவலால்தான். அப்போரின் காரணம் அரியணை; காதலன்று. அரியணை வேட்கை இருந்த இடத்தில் படம் காதலை வைத்தது. கடந்த கால ஏக்கம் இவ்வாறே தொழிற்படுகிறது. அது அதிகாரத்தின் கறையைக் கழுவி, அவ்விடத்தில் ஒரு மலரை வைக்கிறது. அம்மலரின் அழகை நாம் மறுக்க வேண்டியதில்லை. அதனை ஆவணம் என்று கொள்ளாதிருந்தால் போதும்.

ஓரிடத்து ஏக்கம் பிறிதோரிடத்தில் எளிதில் வேர்கொள்வதுமில்லை. ஆஸிப் இப்படத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொணர விரும்பி, அதற்கேற்பக் காட்சிகளைப் படமாக்கினார். தமிழ் வடிவம் 1961இல் அக்பர் என்னும் பெயருடன் வெளிவந்து தோல்வியுற்றது. ஆங்கில முயற்சி கைவிடப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தமிழ் மக்கள் வீரபாண்டிய கட்டபொம்மனைக் கண்டு நெஞ்சு விம்மியிருந்தனர். அவர்களுக்கு டெல்லி அரியணையைவிடப் பாஞ்சாலங்குறிச்சி அண்மையில் இருந்தது என்றே நாம் கருதுகின்றோம்.

மறைவும் மறுபிறப்பும்

லைலா மஜ்னூன் கதையை லவ் அண்ட் காட் என்னும் பெயரில் முழு வண்ணப் படமாக எடுக்க ஆஸிப் முற்பட்டார். நாயகர் குரு தத் 1964இல் மறைந்தார். சஞ்சீவ் குமாரைக் கொண்டு பணி மீண்டும் தொடர்ந்தது. அது முடியுமுன்னர், 1971ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள், தம் 48ஆம் வயதில் ஆஸிப் காலமானார். அவர் துணைவியார் அக்தர் ஆஸிப்பின் முயற்சியால் எஞ்சிய பகுதிகள் தொகுக்கப்பெற்று அப்படம் 1986இல் வெளிவந்தது. ஆஸிப் தாமே இயக்கி முடித்தவை இரண்டே படங்கள்.

முகலே ஆஸம் 2004 நவம்பரில் முழுவதும் வண்ணமேற்றப்பெற்று மீண்டும் திரைக்கு வந்தது. 1965 போருக்குப் பின் இந்தியப் படங்களுக்குக் கதவடைத்திருந்த பாகிஸ்தானில், 2006இல் அது திரையிடப்பட்டது. லாகூரின் கதை இந்தியப் படமாக லாகூருக்குத் திரும்பிச் சென்றது. இரு நாட்டு முதியோரும் தம் இளமையை எண்ணிக் கண் கலங்கினர். முகலாயர் காலத்தை எண்ணி எடுத்த படத்தைக் காண்போர், இப்போது 1960ஐ எண்ணி ஏங்கினர். ஏக்கத்தின் மீது ஏக்கம் படிந்தது.

ஆயினும் காலம் அவ்விடத்தில் நிற்கவில்லை. அக்பர் கோட்டை கட்டிய அலகாபாத் 2018இல் பிரயாக்ராஜ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2023இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடம் நீக்கப்பட்டது. 2025இல் வெளிவந்த சாவா என்னும் இந்திப் படம், மராட்டிய மன்னர் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றதைக் காட்டிற்று. அடுத்த மாதம், ஔரங்கசீப்பின் அடக்கத்தலம் பற்றிய சச்சரவு நாகபுரியில் கலவரமாக வெடித்தது. அப்படம் மக்களின் சினத்தைக் கிளறியதாக மாநில முதலமைச்சரே சட்டமன்றத்தில் குறிப்பிட்டார். ஒரு காலத்தில் திரையின் முகலாயர் நாட்டை இணைக்கும் தந்தை. மற்றொரு காலத்தில் பகைவர். வரலாற்றுச் சான்றுகள் மாறிவிடவில்லை. ஏங்குவோரும் அவ்வேக்கத்தை ஆள்வோரும் மாறினர்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? நம் சமுதாயப் பெரியோர் பலருக்கு முகலாயர் என்றவுடன் நினைவுக்கு வருவது பிருதிவிராஜின் கம்பீரக் குரலே. அப்பற்றை நாம் குறை கூறவில்லை. ஆயினும் திரையிலிருந்து மட்டும் பெற்ற பெருமை, மற்றொரு திரைக்கு முன் விடை சொல்லத் தெரியாது நிற்கும். படத்திற்குப் படம் விடையாகாது. அக்பர்நாமாவையும் ஜஹாங்கீரின் வரலாற்றையும், அவர்களைக் குறை கூறிய அக்கால ஆசிரியர்களின் நூல்களையும் கற்றவரே ஏக்கத்திற்கும் பகைமைக்கும் நடுவே தடுமாறாது நிற்பர். அந்நூல்கள் நம் கல்லூரி நூலகங்களில் மாணவர்தம் கைகளுக்கு வர வேண்டும்.

கே. ஆஸிப் பட்டம் பெற்றவரல்லர், வரலாற்றாசிரியருமல்லர். ஆனால் நாடு பிளவுண்ட நாளில், ஓர் அரசைப் புகழும்போதே அதன் முன் தராசை வைக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தார். அரியணையை மட்டும் திரையில் எழுப்பியோர் பலர். தராசையும் உடன் எழுப்பியவர் அவர். அதனாலேயே அவர் பெயர் இன்றும் நிலைத்து நிற்கின்றது.